கடைசி ஆளாக நிற்கும் பிள்ளைகள்... கோல்கீப்பர்களை வளர்த்தெடுக்கும் பாஸ்க் மண்!

தெருவில் கால்பந்து ஆட டீம் பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிற பையனை என்ன செய்வார்கள்? 'நீ கோலி நில்லுடா' என்று போஸ்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேகமாக ஓட வராதவன், வயதில் சின்னவன், புதிதாக வந்து சேர்ந்தவன்... இவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் விட்டவனைத்தான் எல்லோரும் திட்டுவார்கள்.

ஸ்பெயினின் வடக்கு ஓரத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் கதை வேறு. அங்கே பல தலைமுறைகளாகப் பிள்ளைகள் ஆசைப்பட்டு போய் நிற்கிற இடம் கோல் போஸ்ட்! அதுதான் பாஸ்க் பிரதேசம். மூன்று மாகாணங்கள், சுமார் 22 லட்சம் மக்கள். அந்தச் சின்ன மண்ணிலிருந்து ஸ்பெயின் தேசிய அணிக்குப் போன கோல்கீப்பர்களின் வரிசையைப் பார்த்தால் யாருக்கும் ஆச்சர்யம் வரும். இரிபார், ஆர்கோனாடா, உருட்டி, சுபிசரேட்டா, கேபா, உனாய் சிமோன் என அது நீண்டுகொண்டே போகிறது.

அப்படி என்ன இருக்கிறது அந்த மண்ணில்? ஒரு பிள்ளையை கோல்கீப்பராக வளர்ப்பது என்றால் உண்மையில் எதை வளர்ப்பது? பாஸ்க் கடற்கரையிலிருந்து தொடங்கலாம்.

கடல் நேரம் குறித்துக் கொடுக்கும் மைதானம்

சான் செபாஸ்டியன் நகரின் அடையாளம், பிறை வடிவில் வளைந்து கிடக்கும் லா கொன்ச்சா கடற்கரை. கோடையில் வெயில் காய வருபவர்களின் கூட்டம் அலைமோதும். குளிர்காலம் வந்துவிட்டால் அதே மணல் பிள்ளைகளின் கால்பந்து மைதானமாகிவிடும். இந்தக் கடலில் ஏற்ற இறக்கம் மிக அதிகம். தண்ணீர் பின்வாங்கியதும் ஈரமான, இறுகிய மணல்வெளி பரந்து விரியும். அதில் கோடு போட்டு, போஸ்ட் நட்டு, பள்ளி மாணவர்களுக்கான போட்டிகளை நடத்துவது அந்த ஊரின் பல தலைமுறைப் பழக்கம். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதை முடிவு செய்வது கடல்தான். தண்ணீர் திரும்பி வருவதற்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும்!

அங்கிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் சரௌட்ஸ். இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு மணல், ஓயாத அலை. இன்று அலைச்சறுக்கு விளையாட வருபவர்களின் ஊர் என்று பெயர் பெற்றிருக்கிறது. கால்பந்து ரசிகர்களுக்கு அது ஹோசே ஆங்ஹெல் இரிபார் பிறந்த ஊர். 1943-ல் பிறந்த அவர், சிறுவனாகப் பந்துக்குப் பாய்ந்து விழுந்து பழகியது இந்த மணலில்தான்.

மணலுக்கும் கோல்கீப்பருக்கும் என்ன சம்பந்தம்? ஒரு குழந்தை கோல்கீப்பராக முதலில் தாண்ட வேண்டியது விழுவதற்கான பயத்தை. கட்டாந்தரையில் ஒருமுறை முழங்கை சிராய்ந்த பிள்ளை, அடுத்த முறை பாயும் முன் யோசிக்கும். அந்த அரை நொடி யோசனையில் பந்து உள்ளே போய்விடும். மணலில் எத்தனை முறை விழுந்தாலும் அடிபடாது. எழுந்து தட்டிவிட்டு நிற்கலாம். கடற்காற்றில் பந்து எப்படி வளையும், ஈர மணலில் எப்படித் துள்ளும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. பந்து கைக்கு வந்து சேரும்வரை கண்ணை எடுக்காமல் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

சுவரோடு ஓர் ஆட்டம்

கடற்கரையை விட்டு உள்ளே போனால், ஏறக்குறைய எல்லா பாஸ்க் ஊர்களிலும் ஓர் உயரமான சுவரைப் பார்க்கலாம். பல ஊர்களில் தேவாலயத்தின் பக்கத்திலேயே இருக்கும். அதன் பெயர் 'ஃப்ரான்டோன்'. பாஸ்க் மக்களின் பாரம்பர்ய விளையாட்டான 'பெலோட்டா' ஆடும் களம் அது. 100 கிராமுக்குச் சற்று அதிகமான எடையுள்ள, தோல் போர்த்திய கடினமான பந்தை வெறும் கையால் சுவரில் அடிக்க வேண்டும். அது திரும்பி வரும்போது எதிராளி அடிப்பார்.

இந்த ஆட்டத்தில் வலது கை மட்டும் இருந்தால் போதாது. இடது பக்கம் வரும் பந்தை இடது கையால்தான் அடித்தாக வேண்டும். பந்து வரும் கோணத்தைக் கணித்து, சின்னச் சின்ன அடிகள் வைத்து, சரியான இடத்தில் போய் நிற்க வேண்டும். கோல்கீப்பர் பயிற்சியாளர்கள் உலகம் முழுக்க மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். பலவீனமான பக்கம் என்று ஒன்று இருக்கக் கூடாது. கைக்கு முன்னால் கால் நகர வேண்டும்.

'பெலோட்டா ஆடிய கை, கோல்கீப்பர் கை' என்பது பாஸ்க் மக்களிடம் நெடுநாளாக இருக்கும் நம்பிக்கை. கடற்கரை, பெலோட்டா ஆகியவற்றோடு மழையையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆண்டு முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும் அந்தச் சாரலுக்கு 'சிரிமிரி' என்று தனிப்பெயரே உண்டு. சேற்றில் ஊறிய கனமான பந்தைப் பிடித்துப் பழகிய கைக்கு, காய்ந்த பந்து ஒரு பொருட்டல்ல என்பது அவர்கள் வாதம்.

ஆனால் மணலும் மழையும் மட்டுமே போதும் என்றால், உலகின் எல்லாக் கடற்கரை ஊர்களும் கோல்கீப்பர்களை ஏற்றுமதி செய்ய வேண்டுமே? அப்படி நடக்கவில்லை. எனவே இன்னும் ஏதோ இருக்கிறது.

ஊரே கொண்டாடிய கடைசி ஆள்

இரிபாருக்கு 'எல் சோப்போ' என்று பட்டப்பெயர். நெடுநெடுவென வளரும் பாப்லர் மரம் என்று அர்த்தம். 1962-ல் பில்பாவோ நகரின் அத்லெடிக் கிளப்பில் சேர்ந்தவர், 1980 வரை வேறு எந்த கிளப்புக்கும் போகவில்லை. (மாட்ரிட் நகரின் அட்லெடிகோ வேறு, இது வேறு.) அந்த கிளப்புக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 614. அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை. 1964-ல் ஸ்பெயின் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது போஸ்ட்டில் நின்றவர் 21 வயது இரிபார். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் யார் தெரியுமா? சோவியத் யூனியனின் லெவ் யாஷின்!

இரிபாருக்குப் பாஸ்க் மக்கள் கொடுத்த இடம், நட்சத்திர ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற இடத்தைவிடப் பெரியது. 1976 டிசம்பர் 5 அன்று சான் செபாஸ்டியனில் அத்லெடிக் கிளப்பும் ரியல் சோசியடாடும் மோதின. சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பாஸ்க் கொடி அப்போதும் தடையில் இருந்தது. பரம எதிரிகளான இரண்டு அணிகளின் கேப்டன்கள், இரிபாரும் கோர்ட்டபரியாவும், அந்தக் கொடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். அடுத்த மாதமே அந்தத் தடை விலகியது.

அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு 'கோல்கீப்பர்' என்பது டீம் பிரிக்கும்போது மிஞ்சியவனுக்குத் தரும் வேலை அல்ல. அது ஊரின் பொறுப்பைச் சுமக்கிற ஆளின் இடம். ஓய்வுபெற்ற பிறகும் இரிபார் விலகிப் போகவில்லை. அதே கிளப்பில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், பின்னர் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார். 1981-ல் அதே போஸ்ட்டுக்கு 19 வயதில் வந்தவர் ஆண்டோனி சுபிசரேட்டா. ஸ்பெயினுக்காக 126 ஆட்டங்கள், 4 உலகக் கோப்பைகள், ஸ்பெயின் லீகில் 622 ஆட்டங்கள் என்று அவர் கணக்கு நீண்டது.

கடையில் கிடைக்காது... வீட்டிலேயே சமைக்கணும்!

பில்பாவோவிலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், பச்சைக் குன்றுகளுக்கு நடுவே லெசாமா என்றொரு சிறிய ஊர். அத்லெடிக் கிளப்பின் பயிற்சிக்கூடம் 1971 முதல் இங்கேதான் இருக்கிறது. பழைய மைதானமான சான் மாமேஸை இடித்தபோது, அதன் புகழ்பெற்ற இரும்பு வளைவைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். லெசாமாவுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் பார்ப்பது அந்த வளைவைத்தான்.

ஸ்பானிய மொழியில் இளையோர் பயிற்சி அமைப்புக்கு 'கான்டெரா' என்று பெயர். அதன் நேரடி அர்த்தம், கல் குவாரி. சொந்த மண்ணைத் தோண்டி, கிடைக்கிற கல்லைச் செதுக்கிக்கொள்வது. மற்ற கிளப்களுக்கு இது ஒரு பெயர் மட்டும்தான். அத்லெடிக் கிளப்புக்கு அதுவே வாழ்க்கை. பாஸ்க் பகுதியில் பிறந்தவர்கள் அல்லது அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர்கள் மட்டும்தான் அந்த அணியில் ஆட முடியும் என்பது நூறாண்டு தாண்டிய கொள்கை. அப்படியிருந்தும் ஸ்பெயினின் முதல் டிவிஷனிலிருந்து அந்த அணி ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை.

இந்தக் கொள்கை கோல்கீப்பர் விஷயத்தில் என்ன செய்யும் என்பதற்கு 2018 நல்ல உதாரணம். ஒண்டாரோவா என்ற மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்து, சிறுவயதிலேயே லெசாமாவில் சேர்ந்து வளர்ந்தவர் கேபா அரிசபலாகா. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் லண்டனின் செல்சி கிளப் 8 கோடி யூரோ கொடுத்து அவரை வாங்கியது. ஒரு கோல்கீப்பருக்கு அதுவரை எவரும் கொடுக்காத விலை. பணம் வந்தது. போஸ்ட் காலியானது. வேறு கிளப்பாக இருந்தால் அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்து உலகச் சந்தையில் ஒருவரை வாங்கியிருக்கும். அத்லெடிக் வாங்க முடியாது.

அடுத்த இடத்தில் இருந்தவர்களில் ஒருவருக்குக் காயம், இன்னொருவருக்கு ஒப்பந்தப் பிரச்னை. கிளப் என்ன செய்தது? எல்சே என்ற கிளப்புக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கடனாக அனுப்பிவைத்திருந்த 21 வயதுப் பையனைத் திரும்ப அழைத்தது. அவர்தான் உனாய் சிமோன். விட்டோரியாவில் பிறந்து, முர்கியா என்ற சின்ன ஊரில் வளர்ந்து, 2011-ல் லெசாமாவுக்கு வந்தவர். அழைத்த அதே மாதம் லீக் ஆட்டத்தில் இறங்கினார். ஆறு ஆண்டுகள் கழித்து ஸ்பெயின் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது போஸ்ட்டில் நின்றவர் அவர்தான்.

இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் வெளியே போய் வாங்க வழியில்லாத வீட்டில், இருக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பொறுமையாக வளர்த்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் லெசாமாவின் பலம்.

12 வயதில் திடீரென்று வளரும் போஸ்ட்

பெரியவர்களுக்கான கோல் போஸ்ட்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஸ்பெயினில் பொதுவாக 12 வயது வரை பிள்ளைகள் சிறிய மைதானத்தில்தான் ஆடுகிறார்கள். அங்கே போஸ்ட் 6 மீட்டருக்கு 2 மீட்டர். அதாவது காக்க வேண்டிய பரப்பு 12 சதுர மீட்டர். அடுத்த சீசனில் பெரிய மைதானத்துக்குப் போனதும் அது ஏறத்தாழ 18 சதுர மீட்டர் ஆகிவிடும். பந்தும் ஒரு சைஸ் பெரிதாகும். பிள்ளை மட்டும் அதே பிள்ளை!

போன வருடம் எட்டிப் பிடித்த பந்தெல்லாம் இந்த வருடம் தலைக்கு மேல் பறக்கும். இந்த வயதில்தான் பல பிள்ளைகள் மனம் உடைந்து போஸ்ட்டை விட்டு விலகுகிறார்கள். இந்த வயதில்தான் பல பயிற்சியாளர்கள் உயரமான பையனாகப் பார்த்து உள்ளே நிறுத்தவும் செய்கிறார்கள். 12 வயதில் ஐந்தரை அடி வளர்ந்தவன் 18 வயதிலும் அதே ஐந்தரை அடியில் நிற்கலாம். குட்டையாக இருந்தவன் 16 வயதில் விறுவிறுவென வளரலாம். உயரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பேரும் வீணாவார்கள்.

சான் செபாஸ்டியன் இருக்கும் கிபுஸ்கோவா மாகாணம் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. சின்னப் பிள்ளைகளை ஒரே விளையாட்டில் கட்டிப்போடக் கூடாது, பள்ளியில் பல விளையாட்டுகளை ஆட வேண்டும் என்பது அங்குள்ள பள்ளி விளையாட்டு விதிகளின் அடிப்படை. அதனால் ரியல் சோசியடாட் போன்ற பெரிய கிளப்பே சுமார் 12 வயதுக்குப் பிறகுதான் பிள்ளைகளைத் தன் அணியில் சேர்க்கிறது. அதுவரை அந்தப் பிள்ளை கூடைப்பந்து ஆடியிருக்கும், ஹேண்ட்பால் ஆடியிருக்கும், பெலோட்டாவும் ஆடியிருக்கும். கோல்கீப்பருக்கு இதைவிட நல்ல அடித்தளம் வேறு கிடையாது. கை, கண், கால் மூன்றும் சேர்ந்து வேலை செய்ய இந்த ஆட்டங்களே கற்றுக்கொடுத்துவிடுகின்றன.

அதன் பிறகு வருவதுதான் தனிப் பயிற்சி. அடிப்படைகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

முதலாவது, நிற்கும் விதம். எதிராளி பந்தை உதைக்கும் அந்த நொடியில் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். உடல் எடை முன்பாதத்தில், முழங்கால் லேசாக மடங்கி, கைகள் முன்னால். ஓடிக்கொண்டே இருக்கும்போது ஷாட் வந்தால் எந்தப் பக்கமும் பாய முடியாது.

இரண்டாவது, பிடிக்கும் விதம். நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்கு இரண்டு கட்டை விரல்களும் நெருங்கியிருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்கு இரண்டு சுண்டு விரல்களும் நெருங்கியிருக்க வேண்டும். கை தவறினாலும் பந்து உடம்பில் பட்டு நிற்கும்படி, உடம்பு எப்போதும் பந்துக்குப் பின்னால்.

மூன்றாவது, விழும் விதம். முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து பக்கவாட்டில் சாய்வது. பிறகு மண்டியிட்டு. பிறகு குந்தி. கடைசியாகத்தான் நின்ற நிலையிலிருந்து பாய்வது. தொடை, இடுப்பு, தோள் என்று உடம்பின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றிலோ முழங்கையிலோ விழக் கூடாது.

நான்காவது, கோணம். கோட்டிலேயே நின்றால் எதிராளிக்கு முழு போஸ்ட்டும் தெரியும். இரண்டடி முன்னால் வந்தால் பாதி மறைந்துவிடும். எப்போது வெளியே வருவது, எப்போது நிற்பது என்ற முடிவு புத்தகத்தில் கிடைக்காது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களில்தான் கிடைக்கும்.

1992-ல் வந்த விதி ஒன்று இந்தப் பயிற்சியையே மாற்றிப்போட்டது. சொந்த அணி ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிக்கொடுக்கும் பந்தை கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. அன்றிலிருந்து கோல்கீப்பருக்குக் காலும் வேலை செய்ய வேண்டும். இப்போது இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது. 2025-26 சீசனிலிருந்து, பந்தை 8 விநாடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர் கிக். நிதானமாக யோசிக்கும் நேரமும் போய்விட்டது!

மறைக்க முடியாத தவறு

இத்தனையும் கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொடுக்க மிகக் கடினமான பாடம் ஒன்று மிச்சமிருக்கிறது.

ஃபார்வர்டு ஆட்டக்காரர் 5 வாய்ப்புகளைத் தவறவிட்டு ஆறாவதில் கோல் அடித்தால் அவர் ஹீரோ. கோல்கீப்பர் ஐந்தைத் தடுத்து ஆறாவதை விட்டால், எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்த ஆறாவதுதான். பாஸ்க் கோல்கீப்பர்களின் கதையில் பெருமை எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு வலியும் இருக்கிறது.

லூயிஸ் ஆர்கோனாடா. சான் செபாஸ்டியனில் பிறந்தவர், ரியல் சோசியடாட் அணியைத் தவிர வேறெங்கும் ஆடாதவர். 1981, 1982 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அந்த அணி ஸ்பெயின் லீகை வென்றதற்கு முக்கியக் காரணம். மிகக் குறைவாக கோல் விட்டவருக்கான சமோரா விருதைத் தொடர்ந்து மூன்று முறை வாங்கியவர். 1984 ஜூன் 27, பாரிஸ். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். பிரான்ஸின் மிஷேல் பிளாட்டினி அடித்த ஃப்ரீ கிக்கை ஆர்கோனாடா பிடித்தேவிட்டார். ஆனால் பந்து அவர் உடம்புக்கு அடியில் நழுவி, மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டியது. ஸ்பெயின் தோற்றது. பிரான்ஸில் கோல்கீப்பர் செய்யும் சொதப்பலுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சுபிசரேட்டாவுக்கும் அதுபோல ஒரு நாள் வந்தது. 1998 உலகக் கோப்பையில் நைஜீரியாவுடனான ஆட்டம். பக்கவாட்டிலிருந்து வந்த சாதாரணப் பந்து, அவர் கையில் பட்டு உள்ளே போனது. ஸ்பெயின் முதல் சுற்றோடு வெளியேறியது. 126 ஆட்டங்கள் ஆடியவரின் கடைசி உலகக் கோப்பை அப்படி முடிந்தது.

2021 ஜூன் 28, கோபன்ஹேகன். குரோஷியாவுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை நாக்அவுட் ஆட்டம். நடுக்களத்திலிருந்து பெட்ரி திருப்பி அனுப்பிய பந்தை நிறுத்தக் கால் வைத்தார் உனாய் சிமோன். பந்து காலுக்கு மேல் ஏறித் தாண்டி போஸ்ட்டுக்குள் போனது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆட்டம் தொடங்கி 20 நிமிடங்கள்தான் ஆகியிருக்கின்றன. மீதி நேரம் முழுக்க அதே போஸ்ட்டில், அதே ஆளாக நின்றாக வேண்டும்.

நின்றார். ஆட்டம் 3-3 என்று கூடுதல் நேரத்துக்குப் போனபோது, கிராமரிச் மிக அருகிலிருந்து அடித்த பந்தைத் தடுத்தார். ஸ்பெயின் 5-3 என்று வென்றது. நான்கு நாள்கள் கழித்து சுவிட்சர்லாந்துடன் பெனால்ட்டி ஷூட்-அவுட். அதில் இரண்டு பெனால்ட்டிகளைத் தடுத்து அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார்.

கோல்கீப்பரை வளர்ப்பது என்றால் எதை வளர்ப்பது என்ற கேள்விக்கு அந்த நான்கு நாள்களில் பதில் இருக்கிறது. தவறே செய்யாத பிள்ளையை எந்த அகாடமியாலும் உருவாக்க முடியாது. தவறு செய்த அடுத்த நிமிடம் அடுத்த பந்துக்குத் தயாராக நிற்கிற பிள்ளையை உருவாக்கலாம். அதற்குப் பிள்ளையின் மனம் மட்டும் போதாது, சுற்றியிருப்பவர்களின் மனமும் வேண்டும். ஆர்கோனாடாவைப் பாரிஸ் கேலி செய்தது. ஆனால் அவர் ஊர் அவரைக் கைவிடவில்லை. 1989 வரை அதே அணியின் போஸ்ட்டில் நின்றார்.

அந்தக் கதைக்கு 24 ஆண்டுகள் கழித்து ஓர் அழகான பின்னிணைப்பு கிடைத்தது. 2008-ல் ஸ்பெயின் மறுபடியும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அணியின் மூன்றாவது கோல்கீப்பர் ஆண்ட்ரெஸ் பாலோப். தொடரில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, பாஸ்க்காரரும் அல்ல. பதக்கம் வாங்க மேடையேறியபோது அவர் அணிந்திருந்தது, 1984 இறுதி ஆட்டத்தில் ஆர்கோனாடா போட்டிருந்த சட்டை. பதக்கத்தைக் கொடுத்தவர், அப்போது ஐரோப்பியக் கால்பந்து சங்கத் தலைவராக இருந்த அதே மிஷேல் பிளாட்டினி!

இரண்டு பேர், ஒரு போஸ்ட்

கோல்கீப்பர் வாழ்க்கையில் இன்னொரு சோதனை, காத்திருப்பு. அணியில் 11 பேர் ஆடலாம், போஸ்ட்டில் ஒருவர்தான் நிற்கலாம். இரண்டாவது கோல்கீப்பர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பெஞ்ச்தான்.

2023-24 சீசனில் அத்லெடிக் கிளப் ஒரு வழி கண்டது. லீக் ஆட்டங்களுக்கு உனாய் சிமோன். கோபா டெல் ரே எனப்படும் மன்னர் கோப்பைக்கு, சான் செபாஸ்டியனில் பிறந்த இளைஞர் யூலென் அகிரெசபாலா. ஸ்பெயினின் முதல் கோல்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, 2024 ஏப்ரல் 6 அன்று செவில்லேவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அகிரெசபாலா நின்றார். மயோர்காவுடன் 1-1 சமன், பிறகு பெனால்ட்டி. எதிரணியின் ஒரு பெனால்ட்டியை அவர் தடுத்தார், இன்னொன்று வெளியே போனது. 40 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கோப்பை பில்பாவோவுக்கு வந்தது. வென்ற அணியைப் படகில் ஏற்றி ஆற்றில் ஊர்வலம் விடும் பழைய வழக்கம் மறுபடி நடந்தபோது, நெர்வியோன் ஆற்றின் இரு கரைகளிலும் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள்.

அதே சீசனில் சமோரா விருது உனாய் சிமோனுக்கு. ஒருவரையொருவர் விழுங்காமல் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்த ஆண்டு அது.

பெண்கள் பக்கமும் இந்த மரபு உண்டு. பக்கத்து நவார்ரா பகுதியின் பாம்ப்லோனாவில் பிறந்து, அத்லெடிக் கிளப் பெண்கள் அணியில் 15 ஆண்டுகள் ஆடிய அய்னோவா திராபு, 2015-ல் ஸ்பெயின் பெண்கள் அணி முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனபோது அதன் கோல்கீப்பர்.

உங்கள் வீட்டிலும் ஒரு கோலி இருந்தால்...

* 12 வயதுக்கு முன்பே 'இவன் கோல்கீப்பர்தான்' என்று முத்திரை குத்த வேண்டாம். மற்ற இடங்களிலும் ஆடட்டும், மற்ற விளையாட்டுகளையும் ஆடட்டும்.

* பாய்ந்து விழும் பயிற்சியை மணலிலோ, புல்லிலோ, பாயிலோ தொடங்குங்கள். சிமென்ட் தரை வேண்டவே வேண்டாம்.

* நகர்த்தக்கூடிய கோல் போஸ்ட்டுகளைத் தரையோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பியில் பிள்ளைகள் தொங்கும்போது போஸ்ட் கவிழ்ந்து உயிரிழப்புகள் நடந்த நாடுகள் உண்டு.

* கிளவுஸ் அளவு சரியாக இருக்கட்டும். 'வளர்ந்ததும் சரியாகிவிடும்' என்று பெரிதாக வாங்கினால் பந்து நழுவும்.

* கோல் விட்டதும் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தாதீர்கள். அது தவறு என்று மைதானத்தில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அந்தப் பிள்ளைதான்.

போய்ப் பார்க்க நினைத்தால்...

சென்னையிலிருந்து பில்பாவோவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய நகரங்கள் வழியாகப் போகலாம். ஷெங்கன் விசா தேவை. கால்பந்து சீசன் ஆகஸ்ட் முதல் மே வரை. 'கதீட்ரல்' என்று ரசிகர்கள் அழைக்கும் சான் மாமேஸில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2013-ல் திறந்த புதிய மைதானத்தில் சுமார் 53,000 பேர் உட்காரலாம். லெசாமாவுக்கு நகரிலிருந்தே சின்ன ரயில் போகிறது.

சான் செபாஸ்டியன் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். குளிர்கால வார இறுதியாகப் பார்த்து, குடையோடு போங்கள். ஹோட்டலை விட்டுக் கிளம்பும் முன் அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பின்வாங்கும் நேரத்தில் லா கொன்ச்சா மணலில் போஸ்ட் நட்டிருந்தால், அதன் நடுவில் நிற்கும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். குறிப்பாக, ஒரு கோல் விட்ட பிறகு!